தவளை யார் வாயால் கெடுகிறது?



நான் கற்றது மதரஸாவில் சில ஆண்டுகளும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும்தான். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தராசும் கணக்குப் புத்தகமுமே எனக்குப் பாடம். அப்படிப்பட்டவன் விஞ்ஞான விஷயம் ஒன்றை எழுத முன்வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன், டிசம்பர் மாத அடைமழையில், எங்கள் தெருவிலுள்ள அம்மையார் ஒருவர் கடைக்கு வந்து கல் உப்பு இரண்டு பொட்டலம் கேட்டார்.

"ஊறுகாய் போடவா, அக்கா?" என்றேன்.

"இல்லை தம்பி, சமையலறைக்குள்ளே தேரை வருகிறது. வாசற்படியிலும் கால்வாய் ஓரத்திலும் தூவ வேண்டும்" என்றார்.

"இரண்டு போதுமா?" என்று வேறு கேட்டேன். காசை வாங்கிப் பெட்டியில் போட்டேன். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து இளைய மகனுடன் திரும்பும்போது, அந்தக் கால்வாய் ஓரத்தில் ஐந்து தேரைகள் தோல் சுருங்கிக் காலை நீட்டிக் கிடந்தன. மகன் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தா, உப்பை நாம் தினமும் சாப்பிடுகிறோமே, அது பட்டு இது எப்படிச் செத்தது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த உப்பு என் கடையிலிருந்து போனது என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து பள்ளி ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே ஒரு சிறு பாடமாக வைக்கிறேன்.

1. உப்பு ஏன் கொன்றது?

தேரையும் தவளையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வழவழப்பான தோலுடன் தாவித் திரிபவற்றைத் தவளை என்கிறோம். உடம்பெல்லாம் மொக்கு மொக்காய், மெதுவாய்க் குதிப்பதைத் தேரை என்கிறோம். நம் வீட்டோரங்களில் காணும் தேரையை மலாய்க்காரர் 'கத்தாக் பூரு' என்பார்கள்.

இவ்வினத்துக்கு எல்லாம் தோல்தான். தவளை நம்மைப்போல் வாயால் நீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் வயிற்றைப் பதித்து உட்கார்ந்தால் தோல் வழியே நீர் உள்ளே போகிறது. மூச்சுக்காற்றிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே செல்கிறது. தோல் மெல்லியதாயும் ஈரமாயும் இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே நல்லது உள்ளே போகும் அதே வழியில் கெட்டதும் போய்விடுகிறது.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுத் துண்டுகள் சுருங்குவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். தேரையின் உடம்பிலும் அதுவே நடந்தது. உப்பு அதன் உடலிலிருந்த நீரை வெளியே இழுத்தது. உப்பும் உள்ளே புகுந்தது. நமக்கு ருசியாயிருப்பது அதற்கு நஞ்சாயிற்று.

அதன் முட்டையும் அப்படியே. கோழி முட்டைக்கு ஓடு உண்டு. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது, கூழ் போன்ற உறை மட்டுமே. முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டை நீரில் வாழ்ந்து, பிறகு கால் முளைத்து, வால் மறைந்து கரையேறுகிறது. எனவே தவளைக்கு நல்ல தண்ணீரும் வேண்டும், நல்ல தரையும் வேண்டும். இரண்டில் ஒன்று கெட்டாலும் அதன் குடி கெட்டது.

2. நம் ஜோகூரின் தவளைகள்

தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைத் தவளைகளும் தேரைகளும் உள்ளன. எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. நாம் அறிய வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். மழைநீர்த் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, சவர்க்கார நுரை போல ஒரு கட்டி ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். யாரோ எச்சில் துப்பியது என்று எண்ணி நானே பலமுறை சுரண்டி எறிந்திருக்கிறேன். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை தன் பின்னங்கால்களால் நுரையை அடித்து அதற்குள் முட்டையிடுகிறது. நுரை முட்டைகளை உலராமல் காக்கிறது. சில நாட்களில் குஞ்சுகள் நுரையிலிருந்து கீழே நீரில் விழுந்து நீந்தத் தொடங்குகின்றன.

அடுத்து, கடலோரம். தஞ்சோங் பியாய், கூக்குப் தீவு, சுங்கை பூலாய் என்னும் நம் மாநிலத்துக் கண்டல் காடுகள் மூன்றும் 2003-ம் ஆண்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இத்தகைய உப்பங்கழிகளில் நண்டுதின்னித் தவளை என்றொரு வகை உண்டு. உப்பில் தவளை சாகும் என்று சற்று முன் சொன்னேன். இது ஒன்று அதற்கு விலக்கு. தன் இரத்தத்தில் யூரியா என்னும் பொருளைத் தேக்கி வைத்துக்கொண்டு, கடல்நீரின் உப்பில் ஐந்தில் நான்கு பங்கு வரை இது தாங்குகிறது. இதன் தலைப்பிரட்டைகளோ அதற்கு மேலும் தாங்கும். 1961-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதை விளக்கிற்று. படைத்தவன் ஒரு சின்னப் பிராணிக்குள் என்ன கணக்கு வைத்திருக்கிறான், பாருங்கள்! இந்தத் தவளையை மறவாதீர்கள். இதன் கதைக்குத் திரும்ப வருவோம்.

கடைசியாக, காடு. வடக்கே எண்டாவ் ரொம்பின் காட்டில் 1985, 86-ம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கத்தார் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தினார்கள். அவ்வளவு ஆராய்ந்த பிறகும், அக்காட்டிலிருந்து 2006-ல் ஒரு புதிய ஓடைத் தேரையும், 2007-ல் இன்னொரு புதிய தேரையும் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயின. முன்னதற்கு எண்டாவின் பெயரையே வைத்தார்கள். பின்னதற்கு ஆங்கிலக் கதையில் வரும் 'கோலும்' என்னும் மெலிந்த பாத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நம் மாநிலத்தின் சொத்து இன்னும் முழுதாக எண்ணி முடிக்கப்படவில்லை என்பது இதனால் விளங்கும். எண்ணி முடிக்குமுன்பே இருப்பு கரைந்துவிட்டால், என்ன போயிற்று என்பதுகூட நமக்குத் தெரியாது.

3. கேடு வரும் வழிகள்

உலகெங்கும் ஆராயப்பட்ட சுமார் 8,000 வகை நீர்நில வாழ்வினங்களில் நூற்றுக்கு 41 வீதம் அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2023-ல் வெளியான கணக்கு கூறுகிறது. பறவையினங்களுக்கும் பாலூட்டிகளுக்கும்கூட இவ்வளவு ஆபத்து இல்லை. இக்கேடு வரும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

(அ) இடம் போவது. இதுவே முதன்மையானது. காட்டுத் தவளை நிழலையும் குளிர்ந்த ஈரத்தையும் நம்பி வாழ்வது. காட்டை வெட்டிச் செம்பனை வைத்தால் வீட்டுத் தேரையும் வயல் தவளையும் அங்கே வந்து சேரலாம். காட்டுக்கே உரியவை போய்விடுகின்றன. சத்தம் கேட்கிறதே என்று நாம் ஏமாறக்கூடாது. ஓடைத் தேரைகளின் தலைப்பிரட்டைகள் பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்பவை. மேலே மரம் வெட்டினால் மண் கரைந்து ஓடையில் இறங்குகிறது. பாறை சேற்றில் மூடினால் ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை, உணவும் இல்லை.

மேற்கு ஜோகூரில் 1970-களில் உலக வங்கியின் கடனுதவியோடு விவசாய அபிவிருத்தித் திட்டம் நடந்தது. அணை கட்டி, கால்வாய் வெட்டி, ஈரநிலத்தை வடித்தார்கள். பல குடும்பங்களுக்கு அதனால் சோறு கிடைத்தது. அதைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு பக்கம் வரவு எழுதும்போது மறு பக்கம் செலவும் எழுத வேண்டும் என்பது கணக்கின் முறை. வடிந்து போன சதுப்பு, தவளையின் கணக்கில் செலவு.

(ஆ) நஞ்சு. களைக்கொல்லி, பூச்சிமருந்து, ஆலைக் கழிவு எல்லாம் மழையோடு கால்வாயில்தான் வந்து சேர்கின்றன. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்தார்கள். மனிதருக்கே அது கொடிய விஷமாயிருந்ததே காரணம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவம் தேடினார்கள். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. எத்தனை பிள்ளைகள் நோயுற்றார்கள் என்று கணக்கு எடுத்தார்கள். அந்த ஆற்றங்கரையில் தோலால் மூச்சு விடும் பிராணிகள் என்னவாயின என்று யார் எண்ணினார்கள்?

(இ) வாய். "தவளை தன் வாயால் கெடும்" என்பது நம் பழமொழி. இரவில் அது கத்துவதைக் கேட்டுத்தான் பாம்பும் பிடிக்கிறது, மனிதனும் பிடிக்கிறான். ஆயினும் கணக்கைப் பார்த்தால், அது தன் வாயால் கெட்டதைவிட மனிதன் வாயால் கெட்டதே அதிகம்.

இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தவளைக்கால் விருந்துணவு. அதற்காக இந்தியாவின் வயல்களில் இரவெல்லாம் விளக்குப் பிடித்துத் தவளை பிடித்தார்கள். 1981-ல் மட்டும் அங்கிருந்து 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால் ஏற்றுமதியாயிற்று. உடம்பு அல்ல, கால் மட்டும். ஒரு கிலோவுக்குப் பத்துத் தவளை என்று மிகக் குறைத்து வைத்தாலும் நாலு கோடித் தவளைகள், ஒரே ஆண்டில்! வயலில் பூச்சி தின்ன ஆள் இல்லையே என்ற குரல் எழுந்தது. 1985-ல் இந்தியாவின் பெரிய தவளைகளில் இரண்டு வகைகள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. 1987-ல் இந்திய சர்க்கார் ஏற்றுமதியையே தடை செய்தது.

வியாபாரம் அத்தோடு நின்றதா? கடை மாறிற்று. வாங்குவோர் இந்தோனேசியாவுக்குப் போனார்கள். 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம் வாங்கிய தவளைக்கால் ஏறத்தாழ 40,000 டன். அதில் நாலில் மூன்று பங்கு இந்தோனேசியாவிலிருந்து. பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் அந்நாட்டில் இதை உண்போர் குறைவு. பிடிப்பது பிறர் மேசைக்காக. அப்படிப் போவதில் பெரும் பங்கு எது தெரியுமா? சற்று முன் மறவாதீர்கள் என்றேனே, அந்த நண்டுதின்னித் தவளைதான். பிரான்சில் விற்கும் உறைந்த தவளைக்கால்களை ஆராய்ந்தபோது, பெட்டியின் மேல் ஒரு தவளையின் பெயரும் உள்ளே பெரும்பாலும் இந்தத் தவளையின் காலும் இருக்கக் கண்டார்கள். மூட்டையில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு! அப்படியிருந்தால் எந்த வகை எவ்வளவு குறைந்தது என்று எவர் சொல்ல முடியும்? கடல் உப்பையே வென்ற பிராணி மனிதன் வாயை வெல்ல முடியவில்லை.

இவ்விடத்தில் நம் மார்க்கத்தையும் ஒரு வார்த்தை நினைவுகூர வேண்டும். ஒரு வைத்தியர் மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அவர்கள் தவளையைக் கொல்வதைத் தடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூத் ஹதீஸ் நூலில் உள்ளது. சிறு வயதில் ஹஜ்ரத் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் ஷாஃபி மத்ஹபில் தவளை உண்ணத் தகாதது என்பதும் தெரியும். அதனால் "நாம்தான் தின்பதில்லையே" என்று நிம்மதியாயிருந்தேன். தடுத்தது கொல்வதை என்பதை உப்பு விற்ற பிறகே நன்றாக எண்ணிப் பார்த்தேன். அயலார் உணவை இழித்துப் பேசுவது நம் வேலையன்று. நம் கையிலிருந்து போவதைக் கவனிப்பதே நம் வேலை.

(ஈ) நோய். கைட்ரிட் என்னும் நுண்ணிய பூஞ்சணம் ஒன்று தவளைத் தோலைப் பற்றுகிறது. தோல் கெட்டதும் உடம்பிலுள்ள உப்புகளின் அளவு குலைந்து இருதயம் நின்றுபோகிறது. இந்நோயால் உலகில் 501 வகைகள் குறைந்தன என்றும், அவற்றுள் 90 வகைகள் அழிந்தே போயிருக்கக்கூடும் என்றும் 2019-ல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் மத்திய, தென் அமெரிக்காவும் பட்டது அதிகம். இது கிழக்காசியாவில் தோன்றி, உயிருள்ள தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுபோன வியாபாரத்தால் பரவியது என்று 2018-ல் கண்டார்கள். தீபகற்ப மலேசியாவின் தவளைகளிலும் இப்பூஞ்சணம் இருப்பது 2011-ல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் நடந்ததுபோன்ற பெருஞ்சாவு இங்கே நேரவில்லை. என்றாலும் வெளிநாட்டுத் தவளைகளைப் பண்ணையில் வளர்ப்போரும், கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போரும் அவற்றை ஆற்றிலோ குட்டையிலோ விடாதிருப்பது மிக அவசியம்.

4. தவளை போனால் நமக்கென்ன?

இப்படிக் கேட்போர் உண்டு, நானும் கேட்டவனே. தவளை பூச்சி தின்னும், பாம்புக்கும் கொக்குக்கும் இரையாகும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. கோஸ்டா ரிக்கா, பனாமா என்னும் நாடுகளில் 1980-களிலிருந்து மேற்சொன்ன நோய் ஊர் ஊராகப் பரவித் தவளைகளை அழித்தது. அந்த வட்டாரங்களின் மலேரியாக் கணக்கை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவளைகள் மடிந்த பிறகு அந்தந்த வட்டாரத்தில் மலேரியா ஏறியது. அது உச்சத்திலிருந்த ஆண்டுகளில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் கூடுதலாக நோயுற்றார்கள் என்று 2022-ல் வெளியிட்டார்கள். கொசு முட்டையையும் புழுவையும் தின்ன ஆள் குறைந்ததே காரணம் என்று கருதுகிறார்கள்.

நம் நாட்டில் 2019-ல் 1,30,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. தவளை இருந்தால் டெங்கி வராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். கொசுவைத் தின்பவற்றை நாமே கொன்றுவிட்டு, கொசுவுக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்பது நஷ்ட வியாபாரம் என்று மட்டும் சொல்கிறேன்.

5. நாம் செய்யத்தக்கவை

பெரிய காரியங்களைச் சர்க்கார் செய்ய வேண்டும். காட்டைக் காப்பதும், ஆற்றில் கழிவு கொட்டுவோரைத் தண்டிப்பதும் நம்மால் ஆவதல்ல. கேட்பது நம்மால் ஆகும். வீட்டளவில், கடையளவில் செய்யத்தக்கவை இவை:

ஒன்று: தேரையை விரட்ட உப்போ மண்ணெண்ணெயோ கொட்டாதீர்கள். கதவின் அடியிலுள்ள சந்தைப் பலகையால் அடையுங்கள். இரவில் வாசல் விளக்கை அணையுங்கள். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குத் தேரை வருகிறது. வந்துவிட்டால் முறத்தில் ஏந்தி வெளியே விடுங்கள்.

இரண்டு: களைக்கொல்லி தெளித்த டப்பாவைக் கால்வாயில் கழுவாதீர்கள். மழை வரும் நாளில் தெளிக்காதீர்கள்.

மூன்று: தொட்டிச் சுவரில் நுரைக்கூடு கண்டால் ஓரிரு வாரம் பொறுங்கள். குடிநீர்த் தொட்டியாயிருந்தால், குஞ்சு இறங்குமுன் அதைப் பக்குவமாக எடுத்து, குட்டையின் மேல் தொங்கும் கிளையில் வையுங்கள்.

நான்கு: முற்றம் முழுவதையும் சிமெண்டு போடாமல் ஒரு மூலையாவது மண்ணும் புல்லுமாக இருக்கட்டும்.

ஐந்து: பிள்ளைகள் தேரை மேல் கல்லெறிந்தால் தடுங்கள். அது தொட்டால் மரு வரும் என்று சொல்லி வெறுக்கக் கற்பிக்காதீர்கள், அப்படி வருவதில்லை. அதன் தோலில் ஊறும் பால் கண்ணில் பட்டால் எரியும். ஆகவே தொட்ட கையைக் கழுவச் சொல்வது போதும்.

மலாய்க்காரரிடம் "தேங்காய்ச் சிரட்டைக்கு அடியிலுள்ள தவளை" என்று ஒரு பழமொழி உண்டு. நாம் "கிணற்றுத் தவளை" என்கிறோம். உலகம் அறியாதவனுக்கு இரு சமூகத்தாரும் தவளையையே உவமை சொன்னோம். உண்மையில் தவளையைப் பற்றி ஒன்றும் அறியாமல் சிரட்டைக்கு அடியில் இருந்தவன் நானே.

சென்ற ஆண்டு மழையில் அதே அம்மையார் திரும்பவும் வந்து உப்புக் கேட்டார். பலகை விஷயத்தையும் விளக்கு விஷயத்தையும் சொல்லி, கடையில் கிடந்த பழைய பெட்டிப் பலகை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். சிரித்துக்கொண்டே, "உப்பு விற்க மனமில்லாத வியாபாரியை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். அவ்வழியே போகும்போதெல்லாம் என் மகன் அந்தக் கால்வாய் ஓரத்தைக் குனிந்து பார்க்கிறான். போன வாரம் இரண்டு தேரைகள் உட்கார்ந்திருந்தன என்று வந்து சொன்னான். அந்த ஐந்தின் கணக்கு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.